தண்ணீரே தராசு

எங்கள் ஆய்வுக்கூடத்திற்கு ஒளிர்வு நிறமாலைமானி ஒன்று வாங்கப் போகிறார்கள். விற்போரின் விளக்கத்தாள்களிலே பெரிய பெரிய எண்கள் மின்னுகின்றன. எண் பெரிதாயின் கருவியும் சிறந்ததுதானா? இல்லை என்பேன்.

அவ்வெண் பிறப்பது தூய நீரிலே. 350 நானோமீட்டர் ஒளியைப் பாய்ச்சினால், 1928-இல் கல்கத்தாவில் இராமன் கண்ட சிதறல் 397 நானோமீட்டரில் தோன்றும். அது கருவியின் இரைச்சலைப்போல் எத்தனை மடங்கு என்பதே கணக்கு. ஆனால் பிளவை அகலமாக்கினாலும், அளக்கும் நேரத்தை நீட்டினாலும், சூத்திரத்தை மாற்றினாலும் எண் ஏறும்! முழக்கோல் ஆளுக்கொன்றாயின் நீளத்தை ஒப்பிடுவது எங்ஙனம்?

ஆகவே நண்பர்களே, ஒரே பிளவு, ஒரே நேரம், ஒரே சூத்திரம் என வகுத்து, எல்லாக் கருவிகளையும் நம் கண்முன் சோதித்துக் காட்டச் சொல்வோம். நமக்குப் பின் வருவோரும் அதில்தான் அளக்கவேண்டும். செலவாவது பொதுப்பணம், விளக்கத்தாளை நம்பி விலை பேசலாகாது.