பாதரட்சை தைப்பவரின் பாதம்

ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தைக்கப்படும் பாதரட்சைகள் கடல் கடந்து ஐரோப்பாவில் விலை போகின்றன. அவற்றைத் தைக்கும் தொழிலாளியின் பாதத்தைக் கவனிப்பார் யார்? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆதரவில் நடந்து 2023-ஆம் வருஷம் வெளியான கணக்கின்படி, நம் தேசத்தில் நீரிழிவு கண்டோர் சுமார் 10 கோடி. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 100-க்கு 14 பேர். தோல் தொழிற்சாலைகளின் வாயிலோடு இவ்வியாதி நின்றுவிடாது.

நீரிழிவு நாளடைவில் நரம்பைக் கெடுக்கிறது. முதலில் பாதத்தில் எரிச்சல், குத்தல், மதமதப்பு. பின்னர் உணர்ச்சியே அற்றுப்போகிறது. எரிச்சல் நின்றது கண்டு நோய் நீங்கிற்றென்று மகிழ்வோரும் உண்டு. ஆபத்து அப்பொழுதே ஆரம்பிக்கிறதென்பதை அவர்கள் அறியார்.

இவ்வெரிச்சலுக்கு ஆல்பா லிபோயிக் அமிலம் என்னும் மருந்து நம் கடைகளில் ஏராளமாக விற்கிறது. மிகுந்த சர்க்கரையால் உடலில் பிராணவாயுவின் நச்சுத் துணுக்குகள் பெருகி நரம்பைத் தாக்குகின்றன. அவற்றை அடக்கினால் நரம்பு பிழைக்கும் என்பது இம்மருந்தின் தத்துவம். தத்துவம் அழகியதே. ஜெர்மனியில் இது பல்லாண்டுகளாக வழங்கியும் வருகிறது. 2006-இல் வெளியான ஒரு பரீட்சையில், தினம் 600 மில்லிகிராம் வீதம் ஐந்து வாரம் உட்கொண்டோருக்கு எரிச்சலும் வலியும் குறைந்தன. ஆனால் 2011-இல் வெளியான நான்கு வருஷப் பரீட்சையில், பிரதான அளவுகோலின்படி, வெற்று மாத்திரையைவிட இது மேலென்று நிரூபணமாகவில்லை. பல பரீட்சைகளைச் சீர்தூக்கிய கோக்ரேன் ஸ்தாபனத்தார், ஆறு மாதத்திற்குப் பின் இதனால் வரும் பயன் அநேகமாகச் சொற்பமே, அல்லது இல்லையென்றே 2024-இல் முடிவு கூறினர்.

எரிச்சலால் இரவில் உறக்கமற்றுத் தவிக்கும் ஏழைக்குச் சில வாரம் ஆறுதல் தரும் பொருளை மறுக்கலாமா என்று சிலர் கேட்பர். மறுக்கச் சொல்லவில்லை. வைத்தியர் ஆராய்ந்து சில காலம் கொடுப்பதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. சர்க்கரையைக் கட்டுப்படுத்தாமலும், பாதத்தைப் பரிசோதியாமலும், மெட்பார்மின் உண்போருக்கு பி12 சத்துக் குறைந்திருக்கிறதா என்று பாராமலும், மாதக்கணக்கில் கூலிப் பணத்தை மாத்திரைக்குக் கொட்டச் செய்வதையே கண்டிக்கிறோம்.

உணர்விழந்த பாதத்தைக் காக்கும் வித்தையை நாம் அந்நியரிடம் கற்க வேண்டியதில்லை. அது நம் வேலூரிலேயே வளர்ந்தது. கொல்லிமலையில் பிறந்த ஆங்கிலேய வைத்தியர் பால் பிராண்டு 1946-இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். குஷ்டரோகிகளின் பாதம் தானாக அழுகுவதில்லை. வலி தெரியாமையால் காயத்தின்மேல் நடந்து நடந்தே அழிகிறது என்று அவர் நிலைநாட்டினார். அவரும் அவருடைய சகாக்களும் நுண்துளை ரப்பரால் மிருதுவான செருப்புகளைச் செய்து புண் வராமல் காத்தனர். காரிகிரி ஆஸ்பத்திரி அப்பணிக்குப் பேர்போனது. பின்னர் அமெரிக்கா சென்ற பிராண்டு, அதே பாடத்தை நீரிழிவு நோயாளிகளின் பாதங்களுக்கும் போதித்தார்.

உலகிற்குச் சென்ற அந்தப் பாடம் ஆம்பூர்த் தொழிலாளியின் வீட்டிற்கு வந்து சேரவேண்டாமா? தோலும், ரப்பரும், தைக்கும் கைகளும் இங்கேயே இருக்கின்றன. தொழிற்சாலை முதலாளிகள் வருஷம் ஒரு முறையேனும் தொழிலாளரின் பாத உணர்ச்சியைப் பரிசோதிக்க ஏற்பாடு செய்யவேண்டும். அதற்கு வேண்டிய கருவி ஒரு சிறு நைலான் இழையே. உணர்விழந்தோருக்குத் தம் தொழிற்சாலையிலேயே தகுந்த செருப்புத் தைத்துத் தருவது அவர்களுக்குப் பெரும் பாரமாகாது. 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்று வீடுதோறும் மாத்திரை கொண்டுசெல்லும் சர்க்கார், ஏழை நோயாளிகளுக்கு இச்செருப்பையும் சேர்த்து அளிக்கவேண்டும். தொழிற்சங்கத் தோழர்கள் போனஸ் கோரிக்கையோடு இதனையும் எழுதிக்கொள்வார்களாக.

தொழிலாளிக்கும் ஒரு வார்த்தை: தினந்தோறும் இரவில் உள்ளங்காலைப் பார்த்துக்கொள்க, வெறுங்காலோடு நடவாதிருக்க. ஒரு விரல் போயின் மாத்திரையால் அது மீளாது. பிறர் பாதத்திற்குக் காப்புச் செய்பவன் தன் பாதத்தை இழப்பது இப்பிரதேசத்துக்கே அவமானம்.