காத்திருப்பதையும் வரையுங்கள்!

பூந்தமல்லியைத் தாண்டினால், பெங்களூர் நெடுஞ்சாலையில் நசரத்பேட்டை வருகிறது. ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலைகளுக்குப் போகும் லாரிகள் இரவும் பகலும் இவ்வழியே ஓடுகின்றன. இந்த வட்டாரத்தில் பட்டறைகள் உண்டு, கிடங்குகள் உண்டு, பொறியியல் கல்லூரியும் உண்டு.

இத்தகைய இடங்களில் கூட்டம் போட்டால், திரையில் ஒரு படம் காட்டுகிறார்கள். கட்டம் கட்டமாக இருக்கும். "ஆர்டர் வந்தது, சாமான் வாங்கினோம், வேலையை முடித்தோம், அனுப்பினோம்" என்று அம்புக்குறிகள் வழி காட்டும். இதற்கு 'புளோ சார்ட்' என்று பெயர். தமிழில் பாய்வுப் படம்.

நல்ல வழக்கம்தான். வாயால் பத்துக் காரியம் சொன்னால், கேட்பவருக்கு நாலு மறந்துபோகும். படம் மறக்காது. ஆனால், பல படங்களில் ஒன்று விட்டுப்போகிறது. அது என்ன? காத்திருக்கும் நேரம்!

கொத்து வேலை செய்தவர்

இந்த முறையைத் தந்தவர் பிராங்க் கில்பிரெத் என்ற அமெரிக்கர். கல்லூரிக்குப் போகாதவர். 1885-ல் கொத்து வேலை பழகியவர். ஒரு செங்கல் வைக்க 18 அசைவுகள் ஆவதைக் கண்டார். அதை 5 ஆகக் குறைத்தார்!

அவர் மனைவி லில்லியன் 12 குழந்தைகளின் தாய், பொறியியல் அறிஞர். கணவனும் மனைவியும் 1921-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில் இந்தப் பட முறையை விளக்கினார்கள்.

1947-ல் அந்தச் சங்கம் 5 குறிகளை வகுத்தது. வட்டம் என்றால் வேலை. அம்பு என்றால் எடுத்துச் செல்வது. சதுரம் என்றால் சோதிப்பது. முக்கோணம் என்றால் இருப்பு வைப்பது. ஐந்தாவது, ஆங்கில 'டி' எழுத்தின் வடிவம். அதன் பொருள் தாமதம்! தாமதத்துக்கும் ஒரு குறி வைத்தார்களே, அதுதான் கெட்டிக்காரத்தனம்.

பழி யார் மேல்?

ஒரு பட்டறையை எண்ணிப் பாருங்கள். இரும்பைக் கடைய 20 நிமிடம். துளை போட 10 நிமிடம். ஆனால், சரக்குப் போய்ச் சேர 3 நாள் தாமதம். முதலாளி கடைசல்காரரைக் கோபிக்கிறார். "கூலியில் பிடிப்பேன்" என்கிறார்.

நடந்தது என்ன? இரும்பு வர ஒரு நாள். சோதிப்பவர் வர ஒரு நாள். கையெழுத்துக்கு ஒரு நாள். கடைசல்காரர் என்ன செய்வார், பாவம்? படத்தில் வேலை மட்டும் இருந்தால், பழி வேலை செய்பவர் மேல்தான் விழும். தாமதத்தையும் வரைந்திருந்தால், உண்மை தெரிந்திருக்கும்.

கேட்டு வரையுங்கள்

ஆகவே, படம் முதலாளிக்கு மட்டும் என்று நினைக்கக் கூடாது. தொழிலாளிக்கும் புரியும்படி தமிழில் எழுத வேண்டும். வடநாட்டுத் தொழிலாளி இருந்தால், அவர் மொழியிலும் எழுதலாம். ஒரு தாளில் அடங்கினால் நல்லது.

கூட்டத்தில் காட்டும் முன், தொழிலாளியிடம் காட்ட வேண்டும். "இப்படித்தான் நடக்கிறதா?" என்று கேட்க வேண்டும்.

"இல்லை, ஐயா! இந்த இடத்தில் அரை நாள் சும்மா நிற்கிறது" என்று அவர் சொல்லக்கூடும். கோபம் வேண்டாம். அந்த இடத்தில் ஒரு 'டி' போடுங்கள். பிறகு அதைக் குறைக்க வழி தேடுங்கள்.

படம் அழகாக இருந்தால் கைதட்டு கிடைக்கும். உண்மையாக இருந்தால்தான் சரக்கு நேரத்துக்குப் போய்ச் சேரும். கூலியும் குறையாமல் வீட்டுக்கு வரும்.