டயாலிசிஸ் நாற்காலியில் ஒரு கால் பரிசோதனை

சிறுநீரகம் செயலிழந்து டயாலிசிஸுக்கு வருவோரில் ஒரு பெரும் பகுதியினரை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது சர்க்கரை நோய்தான். மற்ற காரணங்களால் டயாலிசிஸ் செய்துகொள்வோரைவிட இவர்களின் ஆயுட்காலம் பொதுவாகக் குறைவு. உயிரைப் பறிப்பது பெரும்பாலும் இதய நோய். 2005-இல் வெளியான ஜெர்மன் ஆய்வில், டயாலிசிஸில் இருந்த 1,255 சர்க்கரை நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப்பேருக்குக் கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாட்டினும் மற்றவர்களுக்கு மருந்தற்ற மாத்திரையும் கொடுத்துப் பார்த்தும், மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் ஆகியவை மொத்தத்தில் குறிப்பிடும்படி குறையவில்லை. இவ்வளவு தாமதமாகக் கொழுப்பைக் குறைப்பதால் கிடைக்கும் பலன் சொற்பமே.

சர்க்கரை அளவும் இங்கே ஏமாற்றும். சிறுநீரகம் பழுதானால் இன்சுலின் உடலில் நெடுநேரம் தங்கும். பழைய அளவிலேயே ஊசி போட்டால் தாழ்சர்க்கரை மயக்கம் வரலாம். சர்க்கரை மாத்திரைகளில் மெட்ஃபார்மின் கூடாது, கிளிபென்கிளமைடு ஆபத்து. ரத்த சிவப்பணுக்கள் சீக்கிரம் அழிவதால் மூன்று மாத சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். "சுகர் கன்ட்ரோலில் இருக்கிறது" என்று நிம்மதியடைவது அவசரம்.

கால்தான் அதிகம் கவனிக்கப்படாத இடம். உணர்ச்சியற்ற பாதத்தில் செருப்பு கடித்த சிறு புண், ரத்த ஓட்டம் குறைந்த நிலையில், விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குப் போகிறது. வாரம் இரண்டு, மூன்று முறை நான்கு மணி நேரம் டயாலிசிஸில் படுத்திருப்பவரின் காலுறையைக் கழற்றி விரலிடுக்கைப் பார்க்கச் செவிலியருக்கு ஐந்து நிமிடம் போதும். அரசு டயாலிசிஸ் மையங்கள் அனைத்திலும் இதைக் கட்டாயமாக்க வேண்டும்.