பைனாகுலரை மாத்துறதுக்கு முன்னாடி கண்ணைக் கொஞ்சம் பாருங்க

பறவை பார்க்க ஆரம்பிச்ச ஆறே மாசத்துல எல்லாருக்கும் வர்ற கேள்வி: "டாக்டர், பைனாகுலரை மாத்தலாமா? பெருசா எது வாங்கறது?" ஒரு மருத்துவரா என் கருத்து இந்த இழையில். 👇

1/ முதல்ல, பெட்டியில போட்டிருக்கிற எண்ணைப் புரிஞ்சுக்கலாம். 8×42 என்றால் 8 மடங்கு பெரிதாகக் காட்டும், முன்பக்க லென்ஸின் விட்டம் 42 மி.மீ. இந்த ரெண்டுல நம்ம ஆட்கள் முதல் எண்ணை மட்டும்தான் பார்ப்பாங்க. 8-ஐ விட 10 நல்லது, 10-ஐ விட 20 நல்லதுன்னு. அங்கதான் காசு வீணாகுது.

2/ எவ்வளவு ஆரோக்கியமான ஆளா இருந்தாலும் கை லேசா நடுங்கும். இது நோய் இல்லை, எல்லா உடம்புக்கும் இயல்பு. 10 மடங்கு பைனாகுலர் பறவையை மட்டும் இல்ல, அந்த நடுக்கத்தையும் 10 மடங்கு ஆக்கும். கூடவே பார்வைப் பரப்பும் சுருங்கும். கிளைக்குக் கிளை தாவுற தேன்சிட்டைப் புதுசா பார்க்கிறவங்க அதுல பிடிக்கிறதுக்குள்ள அது பறந்துடும். அதனால புதியவர்களுக்கு 8 போதும்.

3/ அடுத்து வெளிச்சம். 42-ஐ 8-ஆல் வகுங்க: 5.25. அதாவது கண்ணுக்கு வர்ற ஒளிக்கற்றை 5.25 மி.மீ. அகலம். சட்டைப்பையில வைக்கிற 10×25-க்கு அது வெறும் 2.5 மி.மீ. விடிகாலை மங்கல்ல நம்ம கண்மணி விரியும்போது இந்த வித்தியாசம் நல்லாவே தெரியும். பறவைகள் சுறுசுறுப்பா இருக்கிறதும் அந்த நேரத்துலதானே!

4/ வயசானா கண்மணி இளமையில விரிஞ்ச அளவுக்கு விரியாது. இருபது வயசுல இருட்டுல 7 மி.மீ. வரை விரியறது, அறுபதுல பலருக்கு 5-ஐத் தாண்டாது. அதனால பெரியவங்க 7×50 மாதிரி கனமானதைத் தூக்கிட்டு அலைய வேண்டாம். கூடுதல் வெளிச்சம் கண்ணுக்குள்ள போகாது, கழுத்து வலிதான் மிச்சம்.

5/ இப்ப முக்கியமான விஷயம். "படம் தெளிவா இல்ல, மாத்தணும்"னு சொல்றவங்க முதல்ல இதைச் செய்யுங்க. வலது கண்ணை மூடிட்டு, நடுச் சக்கரத்தைத் திருப்பி இடது கண்ணுக்குத் தெளிவாக்குங்க. அப்புறம் இடதை மூடி, வலது கண் பக்கம் இருக்கிற வளையத்தை மட்டும் திருப்புங்க. (சில மாடல்ல இது நடுச் சக்கரத்துலயே இருக்கும்.) ரெண்டு கண்ணுக்கும் பவர் வேற வேறயா இருக்கிறது ரொம்ப சகஜம். அதைச் சரிக்கட்டத்தான் அந்த வளையம். இதைத் தொடாமலே பழைய பைனாகுலரைத் தூக்கிப் போடறவங்க நிறைய.

6/ அதுக்கப்புறமும் மங்கலா இருந்தா? குறிப்பா ஐம்பது வயசு தாண்டி, வானத்துக்கு எதிரே உட்கார்ந்திருக்கிற பறவை கூசுது, நிறம் வெளுத்த மாதிரி தெரியுதுன்னா, கடைக்குப் போகாதீங்க. கண் டாக்டர்கிட்ட போங்க. அது புரையா இருக்கலாம். எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் உங்க கண்ணுக்குள்ள இருக்கிற லென்ஸைத் தாண்டித்தான் போகணும். அரசு மருத்துவமனைகள்ல புரை அறுவை சிகிச்சை இலவசம்.

7/ சர்க்கரை நோயாளிகளுக்குத் தனியா ஒரு வார்த்தை. சர்க்கரை ஏறி இறங்கும்போது கண் பவரும் மாறும். ஒரு வாரம் தெளிவு, ஒரு வாரம் மங்கல்னா பைனாகுலரைத் திட்டாதீங்க. சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, விழித்திரைப் பரிசோதனையையும் முடிச்சிடுங்க. வருஷா வருஷம் அவசியம்.

8/ பார்த்து முடிச்சதும் தலைவலி, உருவம் ரெண்டா தெரியறது? கீழே விழுந்த பைனாகுலர்ல ரெண்டு குழாயும் நேர்கோட்டுல இருந்து விலகியிருக்கலாம். இது மாத்த வேண்டிய காரணம்தான். உள்ளே பூஞ்சை பிடிச்சிருந்தாலும் மாத்தலாம். நம்ம கடலோர ஈரப்பதத்துக்கு நீர்புகா மாடல் வாங்கி, சிலிக்கா ஜெல் போட்டு வைங்க.

9/ கண்ணாடி போடறவங்க ஒண்ணு பாருங்க: 'ஐ ரிலீஃப்' 15 மி.மீ.க்கு மேல இருக்கணும். இல்லைன்னா படத்தோட ஓரம் வெட்டுப்படும். கண்ணாடியோட பார்க்கும்போது ரப்பர் கப்பைக் கீழே இறக்கிடுங்க. வாங்கும்முன் கடையிலேயே போட்டுப் பாருங்க.

10/ என் கணக்கு இது: மலிவான ஜூம் மாடல், செவ்வொளி அடிக்கிற 'ரூபி' லென்ஸ் வெச்சிருந்தா தாராளமா மாத்துங்க. சுமார் 10-15 ஆயிரத்துல நல்ல 8×42 கிடைக்கும். அதுக்கு மேல ஸ்வரோவ்ஸ்கி, சைஸ்னு போனா விலை பல மடங்கு ஏறும், தெளிவு அதே வேகத்துல ஏறாது. அந்தக் காசுல வேடந்தாங்கலும் கூந்தன்குளமும் கோடியக்கரையும் பல தடவை போயிட்டு வரலாம். உள்ளான்களைப் பிரிச்சுச் சொல்லக் கத்துக்கிறது திரும்பத் திரும்பப் பார்த்துத்தான்.

11/ கடைசியா, குழந்தைங்க கையில கொடுக்கும்போது கவனம். பைனாகுலரால சூரியனைப் பார்க்கவே கூடாது, ஒரு நொடி கூட. விழித்திரை வெந்தா வலிக்காது, பார்வை மட்டும் போகும். சூரியனுக்கு முதுகைக் காட்டி நின்னு பார்க்கப் பழக்குங்க. பறவையோட நிறமும் அப்பதான் நல்லா தெரியும்.

வீட்ல பெரியவங்க யாராவது பறவை பார்க்க ஆரம்பிச்சிருந்தா 6-ம், 7-ம் அவங்களுக்கு அனுப்புங்க. சந்தேகம் இருந்தா கீழே கேளுங்க. 🙏