உச்சிவேளைச் சோறு

திருக்கழுக்குன்றம் மலைமேல் உச்சிவேளையில் இரண்டு வெள்ளைக் கழுகுகள் வந்திறங்கும். கோயிலைச் சேர்ந்த ஒருவர் பாறையில் உட்கார்ந்து நெய்யும் சர்க்கரையும் கலந்த சோற்றை வைப்பார். கொத்தித் தின்றுவிட்டு அவை பறந்துவிடும். காசியில் குளித்துவிட்டு ராமேஸ்வரம் போகிற வழியில் இங்கே சாப்பாடு என்று ஊரில் சொல்வார்கள். பறவை நூல்களில் இந்தக் கழுகுக்கு மஞ்சள்முகப் பாறு என்று பெயர். செத்ததையும் சாணத்தையும் கிளறுகிற பறவை நம்மிடம் சர்க்கரைச் சோறு தின்றது!

1990-களின் கடைசியோடு கழுகுகளின் வரத்து நின்றது. கலியுகம் என்றார்கள். இந்தியா முழுக்கப் பாறுகள் மளமளவென்று செத்துக்கொண்டிருந்த காலம் அது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபினாக் மருந்து, அந்த மாடு செத்தபின் அதைத் தின்ற பாறுகளையும் கொன்றது. 2006-இல்தான் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். பாறுகளைக் காப்பாற்றச் சோறு போதவில்லை.

இதே மாவட்டத்து வேடந்தாங்கலில் வழக்கம் வேறு. ஏரிப் பறவைகளைத் துரைமார் சுடுகிறார்கள் என்று ஊரார் முறையிட, 1798-இல் கலெக்டர் லயனல் பிளேஸ் பறவைகளைக் காக்கும் உரிமையை ஊராருக்கு எழுத்தில் கொடுத்தார். ஊர்க்காரர்கள் ஒரு பிடி தானியம் இறைத்ததில்லை. சுடவிடவில்லை, வெடி போடவில்லை, அவ்வளவுதான். எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமானது. எனக்கு இந்த வழக்கம்தான் பெரிதாகப் படுகிறது. இதற்குப் புண்ணியக் கணக்குகூடக் கிடையாது.

ஆனால் மலைக்கோயில் சோற்றிலும் ஒரு கட்டு இருந்தது: ஒரே ஆள், ஒரே வேளை, ஒரே பாறை. இன்று அந்த 565 படிகளில் ஏறிப் பாருங்கள். போன தடவை ஒருவர் நீட்டிய வாழைப்பழத்தை ஒரு பெண் குரங்கு கையால் தொடக்கூட இல்லை. பக்கத்தில் இருந்தவர் பையின் ஜிப்பைத்தான் பார்த்தது. அதற்குள் இருந்த பிஸ்கட் பாக்கெட்டைப் பல்லால் கிழித்து, இரண்டு கன்னப் பையும் புடைக்க அடக்கிக்கொண்டு கைப்பிடிச் சுவரில் ஏறியது. பழம் நீட்டியவர் போட்டோ எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். அடுத்து வெறுங்கையோடு வந்த பாட்டியிடம் அது பல்லைக் காட்டியது. அடிவாரத்து வீடுகளில் ஓடு பிரிகிறது, தண்ணீர்த் தொட்டி மூடி புரள்கிறது. பிறகு கூண்டு வைக்கச் சொல்லி மனு.

சிங்கப்பூரில் 2020 முதல் காட்டுயிருக்கு உணவு போட்டால் முதல் தடவைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம். இங்கே 'உணவளிக்காதீர்' என்ற பலகைக்கு அடியிலேயே பொரி விற்கிறார்கள். அபராதம் வரட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் வாங்குகிற கையை மட்டும் பிடித்தால் போதாது, விற்கிற தட்டையும் எடுக்க வேண்டும்.

மாமல்லபுரத்துக் கல் குரங்குக் குடும்பத்தில் தாய் குட்டிக்குப் பால் கொடுக்கிறது, ஆண் அந்தத் தாய்க்குப் பேன் பார்க்கிறது. பல்லவச் சிற்பி பக்கத்தில் மனிதன் யாரையும் வைக்கவில்லை.