யாருடைய ஊர்? எந்தச் சிநேகிதம்?

பொங்கல் வந்தால் போதும், பத்திரிகைகளில் 'சொந்த ஊர்' கட்டுரைகள் முளைத்துவிடும். ஆலமரம், குளத்தங்கரை, தேரோட்டம், திண்ணை, அத்தை சுட்ட முறுக்கு. எழுதுகிறவர் நகரத்திலிருந்து போகிறார், பழைய கூட்டாளியைக் கட்டிப்பிடிக்கிறார், 'என் ஊர் இப்படி மாறிப்போச்சே' என்று மூக்கைச் சிந்திவிட்டு ராத்திரி பஸ்ஸில் திரும்புகிறார். இதற்கு மண்வாசனை என்று பேர். இந்த மண்வாசனையில் செத்த மாட்டு வாசனை ஏன் வருவதில்லை என்று கேட்டால், 'இலக்கியத்தில் அரசியலைக் கலக்காதீங்க' என்கிறார்கள்.

கலந்தது நாங்கள் இல்லை அய்யா. 'ஊர்' என்ற சொல்லிலேயே அது கலந்துதான் கிடக்கிறது. எங்கள் பக்கம் ஊர் என்றால் சாதி இந்துக்கள் குடியிருக்கும் தெருக்கள் மட்டும்தான். 'ஊருக்குள்ள போயிட்டு வரேன்' என்று எங்க ஆயா சொன்னால் கூலிக்குப் போகிறாள் என்று அர்த்தம். நாங்கள் இருந்தது சேரி. சங்க இலக்கியத்தில் சேரி என்றால் சேர்ந்து வாழும் இடம், அதில் இழிவு கிடையாது. அதை இழிவாக்கியவர்கள் பிறகு அரசாங்கக் காகிதத்தில் 'காலனி' என்று எழுதினார்கள். அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லது, வரவேற்போம். ஊருக்கும் சேரிக்கும் நடுவில் கிடக்கிற நானூறு தப்படியை எந்த அரசாணை போட்டு நீக்கப் போகிறார்கள்?

சொந்தபந்தத்தைப் பார்க்கப் போகிற பயணம் நமக்கு எப்படி இருந்தது என்று தெரிய வேண்டுமானால் அம்பேத்கர் எழுதி வைத்திருப்பதைப் படியுங்கள். 1901. அப்பா கோரேகாவில் வேலையில் இருக்கிறார். கோடை விடுமுறைக்குப் பிள்ளைகளை வரச் சொல்கிறார். புதுச் சட்டை, புதுத் தொப்பி, புதுச் செருப்பு போட்டுக்கொண்டு சதாராவிலிருந்து நாலு சிறுவர்கள் ரயில் ஏறுகிறார்கள். மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் கூட்டிப்போக ஆள் வரவில்லை. 'யார் நீங்க?' என்று ஸ்டேஷன் மாஸ்டர் கேட்கிறார். 'மகர்' என்றதும் அவர் முகம் மாறிவிடுகிறது. வண்டிக்காரர் ஒருவரும் ஏற்றமாட்டேன் என்கிறார். கடைசியில் இரட்டை வாடகை கொடுத்து, பையன்களே மாட்டை ஓட்ட, வண்டிக்காரன் தீட்டுப்படாமல் கூடவே நடந்து வருகிறான். கட்டுச்சோறு இருக்கிறது, ஒரு வாய் தண்ணீர் கொடுக்க ஆளில்லை. ராத்திரி முழுக்கத் தாகத்தோடு கிடந்தார்கள் அந்தப் பிள்ளைகள். அப்பாவைப் பார்க்கப் போன பயணம் இது. இதுவும் பயண இலக்கியம்தான். உங்கள் மண்வாசனைத் தொகுப்பில் இதற்கு எத்தனை பக்கம் ஒதுக்குவீர்கள்?

இப்போது புதுசாக ஒரு கூத்து, பழைய மாணவர் சந்திப்பு. வாட்ஸ்அப் குழு, ஒரே கலரில் டீசர்ட், கல்யாண மண்டபம், வாத்தியாருக்குப் பொன்னாடை. மைக்கைப் பிடிக்கிறவனெல்லாம் ஒரே வசனம்: 'நாமெல்லாம் சாதி பாத்தா பழகினோம்?' 'ஸ்காலர்ஷிப் ஃபாரம் வந்திருக்கு, எஸ்.சி. பசங்க எந்திரிங்கடா' என்று வகுப்பில் குரல் வந்தபோது எந்திரித்தவர்களுக்கு அது மறக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களுக்கு மறந்துபோச்சு.

நானும் அப்படி ஒன்றுக்குப் போனேன். பத்தாவது வரைக்கும் என் பக்கத்தில் உட்கார்ந்தவன் தோளில் கைபோட்டுச் சொன்னான்: 'மச்சான், ஒங்க வீட்டுக்கு ஒருநாள் வரணும்டா. நேரமே அமையல.' 'நேரம் அமையலையா, வழி தெரியலையா?' என்று கேட்டேன். சிரித்தான். 'நீ இன்னும் அதையே பேசறியா' என்றான். மறுநாள் அவன் வீட்டுக்குப் போனேன். உள்ளேதான் உட்காரச் சொன்னார்கள், மாற்றம்தான். அவனுக்கு எவர்சில்வர் டம்ளரில் காபி. எனக்குப் பேப்பர் கப். இரட்டைக் குவளை ஒழிஞ்சிபோச்சு என்று எழுதுகிறவர்கள் இந்தப் பேப்பர் கப்பையும் எண்ணிக்கொள்ளட்டும். குடித்ததும் கசக்கி எறிந்துவிடலாம், கழுவ வேண்டிய தீட்டுகூட மிச்சமில்லை.

மச்சான் என்கிறான். பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற உறவுக்குத் தமிழில் உள்ள சொல் அது. அர்த்தத்தோடு அதைச் சொல்ல அவனால் முடியுமா? 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் சங்கரைப் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொன்றது எதற்காக? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனின் வீடு தேடி, அவனோடு பள்ளியில் படித்த மாணவர்கள் ராத்திரியில் வந்தார்கள். அரிவாளோடு வந்தார்கள். அவனை வெட்டினார்கள், தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். அதற்குப் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது, மாணவர் கையில் சாதிக் கயிறு கூடாது என்று பரிந்துரைத்தது. கயிறு கட்டிய கைகள் வளர்ந்து, இருபது வருசம் கழித்து மண்டபத்தில் 'சாதி பாத்தா பழகினோம்' என்று கேட்கும். அதற்கும் நாம் கைதட்ட வேண்டுமா?

நம் ஆட்களிலேயே சிலர் கேட்கிறார்கள்: 'பின்ன எதுக்குத் தோழர் அங்க போகணும்? அம்பேத்கரே கிராமத்தை விட்டு வெளியேறச் சொன்னாரே?' 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் கிராமப் பெருமையை அவர் கிழித்துப் போட்டது உண்மை. அரசியல் சட்டத்துக்குக் கிராமம் அலகல்ல, தனிமனிதனே அலகு என்று நின்றார். ஆனால் வெளியேறியது படித்த நாம் மட்டும்தானே? ஆயா அங்கேதான் இருக்கிறாள். பெரியம்மா அங்கேதான் நூறுநாள் வேலைக்குப் போனாள். பெரியப்பா செத்தபோது பாடையைச் சுடுகாட்டுக்குக் கொண்டுபோகப் பாதை கிடையாது. சேற்றில் இறங்கி, வரப்பு மேலே தடுமாறித் தூக்கிப் போனோம். ஊர்ச் சுடுகாட்டுக்குச் சிமெண்டு ரோடு போட்டிருக்கிறார்கள்.

அதனால் போகத்தான் வேண்டும் தோழர்களே, அடிக்கடி போக வேண்டும். பழசை நினைத்து உருகுவதற்குப் போக வேண்டாம், கணக்குக் கேட்கப் போவோம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-ல் கொடுத்த அறிக்கையை ஒட்டித்தான் 1892-ல் பஞ்சமி நிலம் வந்தது. அந்த நிலம் நம் சேரியில் எந்த சர்வே எண், இப்போது யார் பேரில் இருக்கிறது? கிழவிகளுக்கு எல்லைக்கல் ஞாபகம் இருக்கிறது. அவர்கள் கண் மூடுவதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து எழுதி வாங்குங்கள். பிறகு கிராம நிர்வாக அலுவலகத்தில் 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். காரணை பஞ்சமி நில மீட்புப் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டு உயிர்விட்ட ஜான் தாமசும் ஏழுமலையும் இந்தக் கணக்கைத்தான் கேட்டார்கள்.

பழைய சிநேகிதர்களுக்கும் ஒன்று சொல்லிவிடுகிறோம். உங்கள் அடுத்த சந்திப்பை எங்கள் தெருவில் வையுங்கள். எங்கள் வீட்டுப் பானையில் ஆக்கிய சோற்றை எங்கள் தட்டில் சாப்பிடுங்கள். திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் மனுக் கொடுக்கிற நாள். எங்கள் சுடுகாட்டுப் பாதைக்கான மனுவில் உங்கள் கையெழுத்தைப் போட்டு, எங்களோடு வரிசையில் நில்லுங்கள். பழைய கதையை அந்த வரிசையில் நின்றபடியே பேசிக்கொள்ளலாம்.