விடைக்குறிப்பை மனனம் செய்வது கல்வியாகுமா?

 

உத்தமபாளையத்தில் என் அக்காள் மகள் ஆசிரியர் தகுதித் தேர்வுக்குப் படித்து வருகிறாள். அத்தேர்வின் 150 வினாக்களில் 30 வினாக்கள் குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் பற்றியவை; உளவியலின் தொடக்கப் பாடங்களே அவற்றுக்கு அடிப்படை.

ஓர் இரவு இஷாவுக்குப் பின் மாதிரி வினா நூலை என்னிடம் கொடுத்து, "மாமா, கேளுங்கள்" என்றாள். இருபது வினாக்களுக்கும் சரியான விடை சொன்னாள். விடைகளின் வரிசையை மாற்றிக் கேட்டேன்; தடுமாறினாள். 'எதிர்மறை வலுவூட்டல்' என்பது யாது என்றதற்குத் 'தண்டனை' என்றாள். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். நூலின் விளக்கம் இருவரையும் திருத்தியது. பாடத்தைப் பிழையின்றி ஒப்பித்தவனுக்கு வீட்டுப்பாடச் சுமையைக் குறைத்தால், அவன் மேலும் நன்றாக ஒப்பிக்க முற்படுவான். விரும்பாத ஒன்றை நீக்கி நற்செயலை வளர்ப்பதே எதிர்மறை வலுவூட்டல். தண்டனையோ ஒரு செயலைக் குறைப்பதற்கானது.

குறை மாதிரி வினாக்களில் இல்லை. விடைக்குறிப்பை மட்டும் மனனம் செய்வதில் உள்ளது. நம் ஹிஃப்ழு மதரஸாக்களில் முஸ்ஹஃபை மூடி உஸ்தாதிடம் ஓதிக் காட்டாத வரை சபக் முடிந்ததாகக் கொள்வதில்லை. நபி (ஸல்) அவர்களும் முஸ்லிமுக்கு ஒப்பான மரம் எதுவென்று தோழர்களிடம் வினவிச் சிந்திக்கச் செய்த பின்னரே, அது பேரீச்ச மரம் என விளக்கினார்கள்.

உளவியல் ஆய்வும் இதையே காட்டுகிறது. ரோடிகர், கார்பிக்கே ஆகிய இரு அமெரிக்க அறிஞர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடங்களுக்குப் பின் சோதித்தபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்களே முந்தினர். ஒரு வாரத்திற்குப் பின் சோதித்தபோதோ, நூலை மூடி நினைவுகூர்ந்து பயின்றவர்களே மிகுதியாக நினைவில் வைத்திருந்தனர்.

ஆகவே, தேர்வெழுதும் பிள்ளைகள் கொடுக்கப்பட்ட நான்கு விடைகளையும் மறைத்துவிட்டு, முதலில் தம் சொற்களில் விடை கூறட்டும். பிற மூன்றும் ஏன் தவறு என்றும் விளக்கட்டும். தவறியவற்றைச் சில நாள்கள் கழித்து மீண்டும் எழுதிப் பார்க்கட்டும்.

இது மதிப்பெண்ணோடு முடியும் செய்தியன்று. பள்ளிப் பிள்ளைகளை அடிப்பதையும் மனத்தளவில் துன்புறுத்துவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்கிறது. ஆசிரியப் பணியின் தொடக்க ஆண்டுகளில் நானும் பிரம்பைக் கையில் எடுத்து, அதற்குத் தர்பியத் எனப் பெயரிட்டவன். அன்று அழுத சிறுவர்களின் முகங்கள் அவ்விரவில் என் கண்முன் வந்தன. 'விடை இ' என்று மட்டும் மனனம் செய்து தேறியவரின் கையிலும், வகுப்பில் கூச்சல் எழும் நாளில் பிரம்புதான் ஏறும்.

பெற்றோரே! "எத்தனை மதிப்பெண்?" என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். உணவுக்குப் பின் அரைமணி நேரம் நூலை நீங்கள் வாங்கிக்கொண்டு, "ஏன் இந்த விடை?" என்று கேளுங்கள். பாடம் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்பதில்லை, எனக்கும் தெரிந்திருக்கவில்லை.

அல்லாஹ் நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், அதற்கேற்ற செயலையும் அருள்வானாக. ஆமீன்.